தனி ஊசலும் ±0.03-உம்: செய்முறையில் நிச்சயமின்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி. இயற்பியல் முதலாமாண்டு செய்முறை வகுப்பில், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் வருஷா வருஷம் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

பெரும்பாலான பதில்களுக்கு ஒரே உதாரணம்தான், எல்லோரும் செய்திருக்கும் தனி ஊசல். நூல் கட்டிய இடத்திலிருந்து குண்டின் மையம் வரை 100.0 செ.மீ. இருபது அலைவுக்கு ஆன நேரம், ஐந்து முறை எடுத்ததில்: 40.3, 40.1, 40.5, 40.2, 40.3 வினாடி. சராசரி 40.28. ஆக ஓர் அலைவுக்கு 2.014 வினாடி. சூத்திரத்தில் போட்டால் (4 பை² பெருக்கல் நீளம், வகுத்தல் அலைவு நேரத்தின் வர்க்கம்) ஜி-யின் (புவியீர்ப்பு முடுக்கத்தின்) மதிப்பு 9.73 மீ/வி² வருகிறது.

"சார், நான் ஒழுங்காத்தானே அளந்தேன்? அப்புறம் எதுக்கு பிளஸ் ஆர் மைனஸ்?"

ஒழுங்காக அளந்ததால்தான் அதைப் போட முடிகிறது. மேலே இருக்கும் ஐந்து ரீடிங்கைப் பாருங்கள். அதே ஊசல், அதே கை, அதே கடிகாரம், ஆனாலும் 40.1-உம் வந்திருக்கிறது, 40.5-உம் வந்திருக்கிறது. யாரும் தப்பு செய்யவில்லை. அளப்பது என்றாலே இப்படிக் கொஞ்சம் சிதறும். அந்தச் சிதறல் எவ்வளவு, அதனால் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதுதான் ± என்ற பகுதி, அதாவது நிச்சயமின்மை.

அது இல்லாமல் வெறும் 9.73 என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. 9.73 ± 0.03 என்றால் ஒரு கதை, 9.73 ± 0.5 என்றால் முற்றிலும் வேறு கதை.

"லீஸ்ட் கவுண்ட்தானே எரர்? அதை அப்படியே போட்டா போதாதா?"

சில சமயம் போதும், பல சமயம் போதாது. மீச்சிற்றளவு என்பது கருவி எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பது மட்டும்தான். செல்போன் ஸ்டாப்வாட்ச் 0.01 வினாடி வரை காட்டும், ஆனால் உங்கள் கட்டைவிரல் அந்த வேகத்துக்கு வராது. கண்ணால் பார்த்து விரலால் அழுத்துவதற்குள் 0.1, 0.2 வினாடி போய்விடும். திரையில் 40.27 என்று இருப்பதாலேயே அந்த 7 உண்மை என்று ஆகிவிடாது.

ஸ்கேல், வெர்னியர் விஷயத்தில் மீச்சிற்றளவுக்கு மதிப்பு உண்டு. ஊசலின் நீளத்துக்கு ±0.1 செ.மீ. என்று வைத்துக்கொள்வது நியாயம். மில்லிமீட்டர் ஸ்கேல்தான் என்றாலும், குண்டின் மையம் எங்கே என்று கண்ணால் மதிப்பிடுவதிலும், மேலே நூல் இடுக்கியில் எந்த இடத்தில் பிடிபட்டிருக்கிறது என்பதிலும் அந்த ஒரு மில்லிமீட்டர் போய்விடும்.

"ஒரு அலைவுக்கு நேரம் எடுத்தா போதாதா? எதுக்கு இருபது எண்ணணும்?"

விரலால் வரும் 0.2 வினாடித் தடுமாற்றம் ஓர் அலைவுக்கும் அதேதான், இருபது அலைவுக்கும் அதேதான். இரண்டு வினாடியில் 0.2 என்பது 10 சதவீதம். நாற்பது வினாடியில் அதே 0.2 வெறும் அரை சதவீதம். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலர் குண்டு ஓரத்துக்குப் போய் நிற்கும்போது கடிகாரத்தை அழுத்துகிறார்கள், நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது என்பதால். ஆனால் அங்கே அது மெதுவாகத் திரும்புகிறது, எந்தக் கணத்தில் திரும்பியது என்றே சொல்ல முடியாது. நடுவில், வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில், பின்னால் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு அதைக் குண்டு தாண்டும்போது அழுத்துங்கள். சிதறல் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

"எத்தனை தடவை ரீடிங் எடுக்கணும்? மூணு போதுமா?"

மூன்று என்பது நேரமில்லாத நாளுக்கு. ஐந்து இருந்தால் சிதறலை ஓரளவு நம்பிக் கணக்கிடலாம். நம் ஐந்து ரீடிங்குக்குத் திட்ட விலக்கம் 0.15 வினாடி வருகிறது. ஒரு தனி ரீடிங் எவ்வளவு ஆடும் என்பது அது. சராசரி அவ்வளவு ஆடாது, அதற்கு இதை √5-ஆல் வகுக்க வேண்டும், 0.07 வினாடி கிடைக்கும். 40.28-இல் 0.07 என்றால் ஏறக்குறைய 0.16 சதவீதம்.

வர்க்கமூலம் இருப்பதால் ஒரு சங்கடம். நிச்சயமின்மையைப் பாதியாக்க நாலு மடங்கு ரீடிங் எடுக்க வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. அதற்குப் பதில் இருபது அலைவை நாற்பதாக்கினால் அதே பாதி சுலபமாகக் கிடைத்துவிடும். ரீடிங்கைப் பெருக்குவதற்கு முன் அளக்கும் முறையை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

"எனக்கு அஞ்சு தடவையும் ஒரே ரீடிங்தான் வந்துச்சு. அப்ப எரர் ஜீரோவா?"

ஐந்தையும் நிஜமாகவே எடுத்தீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. எடுத்திருந்தால், கருவி அவ்வளவு நுணுக்கமாகக் காட்டவில்லை என்று அர்த்தம். சிதறல் இருக்கிறது, கருவியின் ஒரு கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

அப்போது மீச்சிற்றளவுக்கு வாருங்கள். 0.1 மி.மீ. வெர்னியர் என்றால் உண்மை மதிப்பு ரீடிங்குக்கு இந்தப் பக்கம் 0.05, அந்தப் பக்கம் 0.05-க்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த 0.05-ஐ √3-ஆல் வகுத்தால் 0.03 மி.மீ., அதைத் திட்ட விலக்கம் போலவே பயன்படுத்தலாம். சிதறலிலிருந்து கணக்கிடுவதை 'ஏ வகை' என்றும், இப்படிக் கருவி பற்றித் தெரிந்ததை வைத்து மதிப்பிடுவதை 'பி வகை' என்றும் சொல்வார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் உதவும்.

"எனக்கு 9.73 வந்திருக்கு, புக்ல 9.8. கொஞ்சம் மாத்திக்கட்டுமா சார்?"

வேண்டாம். இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில், அந்த 9.8 எங்கிருந்து வந்தது? 1901-இல் சர்வதேச எடை அளவு மாநாடு 9.80665 என்று ஒரு மதிப்பைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அது 45 டிகிரி அட்சரேகையை ஒட்டிய மதிப்பு. பூமி துருவத்தில் தட்டையாக இருப்பதாலும் சுழல்வதாலும் ஜி எல்லா இடத்திலும் ஒன்றில்லை: நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை கடல் மட்டத்தில் அது 9.78-தான். அதாவது, ரீடிங்கை 'சரிசெய்து' 9.81 என்று எழுதிக்கொண்டு வருகிறவர், நம் ஊரில் இல்லாத ஒரு மதிப்பை நோக்கித் திருத்திக்கொண்டு வருகிறார். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

அடுத்து, உங்கள் 9.73-க்கு நிச்சயமின்மை 0.03 (எப்படி என்பது இரண்டு கேள்வி தள்ளி). 9.78-க்கும் உங்கள் விடைக்கும் இடைவெளி 0.05, நிச்சயமின்மையைப் போல ஒன்றரை மடங்கு. இது சகஜமாக வரக்கூடியது. அப்படியே எழுதுங்கள். மாற்றிவிட்டால், நீங்கள் அளந்தது எதுவும் நோட்டில் மிஞ்சாது.

"ஒரு ரீடிங் மட்டும் 42.3 வந்திருக்கு. அதை அடிச்சிடலாமா?"

பிடிக்காததாலேயே அடிக்கக் கூடாது, காரணம் தெரிந்தால் அடிக்கலாம். இங்கே காரணம் கண்டுபிடிப்பது சுலபம்: 42.3-இலிருந்து 40.28-ஐக் கழித்தால் ஏறக்குறைய 2.0, அதாவது சரியாக ஓர் அலைவு. நீங்கள் 21 எண்ணியிருக்கிறீர்கள். இதன் அண்ணன் 38.3. கடிகாரத்தை அழுத்தும்போது 'சைபர்' என்று தொடங்காமல் 'ஒன்று' என்று தொடங்குகிறவர்களுக்கு அது வரும், அவர்கள் எண்ணியது 19.

இதையும் ரப்பர் வைத்து அழிக்காமல், ஒரு கோடு போட்டு 'எண்ணிக்கைத் தவறு' என்று பக்கத்தில் எழுதுங்கள். அதே சமயம் 40.28 நடுவில் 40.9 என்று ஒன்று வந்தால், காரணமும் தெரியாவிட்டால், அதை வைத்துக்கொண்டே கணக்கிடுங்கள், முடிந்தால் இன்னும் ஐந்து ரீடிங் எடுங்கள்.

"நீளத்துல ஒரு எரர், நேரத்துல ஒரு எரர். ரெண்டையும் எப்படிச் சேர்க்கறது? ஒரு புக்ல கூட்டச் சொல்றான், இன்னொண்ணுல ரூட் போடச் சொல்றான்."

முதலில் சதவீதமாக்குங்கள். நீளம் 100-இல் 0.1, அதாவது 0.1 சதவீதம். நேரம் 0.16 சதவீதம், ஆனால் சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் இரட்டிப்பாகி 0.33 சதவீதம்.

பிளஸ் டூ வரை படித்த முறையில் இரண்டையும் கூட்டுவீர்கள்: 0.43 சதவீதம், ±0.04. இது இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும் மிக மோசமான நிலைக்கான கணக்கு. ஆனால் ஸ்கேலைப் பார்த்த கண்ணுக்கும் ஸ்டாப்வாட்ச் அழுத்திய விரலுக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது, ஒன்று கூடும்போது மற்றது குறையவும் செய்யும். அதனால் தொடர்பில்லாத பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதுதான் சரி: 0.34 சதவீதம், ±0.03. நேரத்தின் பங்குதான் கிட்டத்தட்ட முழுவதும் என்பதையும் கவனியுங்கள். இந்தச் சோதனையில் நீளத்தை இன்னும் நுணுக்கமாக அளக்க மெனக்கெடுவது வீண் வேலை.

"கால்குலேட்டர்ல 9.732867 வருது. எத்தனை இலக்கம் எழுதணும்?"

நிச்சயமின்மையை முதலில் ஓர் இலக்கத்துக்குச் சுருக்குங்கள் (அந்த இலக்கம் 1 என்றால் இரண்டு வைத்துக்கொள்ளலாம்), பிறகு விடையை அதே இடத்தில் நிறுத்துங்கள். 9.73 ± 0.03. இடைக்கணக்கில் மட்டும் எல்லா இலக்கமும் இருக்கட்டும், கடைசியில் ஒரே முறை சுருக்கினால் போதும்.

"டார்ஷன் பெண்டுலம்ல மட்டும் விடை எங்கேயோ போயிடுது. ஏன்?"

கம்பியின் ஆரம். முறுக்கு ஊசலின் (கம்பியில் தட்டைத் தொங்கவிட்டு முறுக்கி ஆடவிடுவது) விறைப்புக் குணகச் சூத்திரத்தில் அது நான்காம் அடுக்கில் வருகிறது. நேரத்துக்கு இரண்டால் பெருக்கியது போல இதற்கு நாலால் பெருக்க வேண்டும். கம்பியின் விட்டம் 0.50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஸ்க்ரூ கேஜின் ஒரே ஒரு பிரிவு, 0.01 மி.மீ., 2 சதவீதம். விடையில் அது 8 சதவீதம். 0.02 மி.மீ. சுழிப்பிழையை (கருவி மூடியிருக்கும்போதே பூஜ்யத்திலிருந்து தள்ளிக் காட்டும் அளவை) திருத்த மறந்தவருக்கு ஏறக்குறைய 16 சதவீதம் போய்விடும், அவர் அலைவு நேரத்தை எத்தனை அழகாக எடுத்திருந்தாலும் சரி.

அதனால் அந்தச் சோதனையில் உங்கள் நேரத்தில் பெரும்பங்கைக் கம்பிக்குக் கொடுங்கள். ஐந்தாறு இடத்தில் அளக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கம்பியை 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய கம்பி சரியான வட்டமாக இருக்காது. ராட்செட்டைத் திருகித்தான் இறுக்க வேண்டும், கழுத்தைப் பிடித்து நெரித்தால் கம்பி நசுங்கும்.

"நூறு தடவை எடுத்து சராசரி போட்டா எல்லா எரரும் போயிடும்ல?"

சிதறும் பிழை குறையும். எல்லா ரீடிங்கையும் ஒரே பக்கம் தள்ளும் பிழை, அதாவது முறையான பிழை, ஒரு துளியும் குறையாது. ஊசலில் குண்டின் ஆரத்தை (1 செ.மீ. என்று வையுங்கள்) சேர்க்க மறந்தால் நீளம் 1 சதவீதம் குறைவு, நூறு தடவை எடுத்தாலும் அதே 1 சதவீதம்தான். குண்டை அதிகக் கோணத்தில் விட்டாலும் அப்படியே. நாம் பயன்படுத்தும் சூத்திரம் சிறிய கோணத்துக்கானது. 10 டிகிரி வீச்சில் அலைவு நேரம் 0.19 சதவீதம் கூடி, ஜி 0.38 சதவீதம் குறைவாக வரும். 20 டிகிரியில் ஜி 1.5 சதவீதம் குறையும்.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2011 செப்டம்பரில், ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ வரை 730 கி.மீ. தூரத்தை நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாகக் கடந்துவிட்டதாக ஓபரா குழு அறிவித்தது. ஆயிரக்கணக்கான நிகழ்வுகளின் சராசரி, சிதறலால் அதில் வரும் நிச்சயமின்மை 7 நானோவினாடிதான். கடைசியில் பார்த்தால் ஓர் ஒளியிழை கேபிளின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. எத்தனை லட்சம் நியூட்ரினோவைச் சேர்த்திருந்தாலும் கேபிள் தானாக இறுகியிருக்காது.

"அப்ப முறையான பிழையை எப்படித்தான் பிடிக்கறது?"

குறுக்குவழி கிடையாது, ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும். 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நம் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் நில அளவைக்காக 12 கி.மீ. நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, வெயிலில் சங்கிலி நீளுமே என்று அதற்குக் கூடார நிழல் போட்டு, வெப்பமானி வைத்து, வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தினார். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.011 மி.மீ. நீளும். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும், 12 கி.மீ.-க்குக் கணக்கிட்டால் டிகிரிக்கு 13 செ.மீ.

நம் லேபில் செய்யக்கூடியது, முறையை மாற்றிப் பார்ப்பது. ஒரே நீளத்துக்குப் பதில் 60, 70, 80 செ.மீ. என்று பல நீளத்துக்கு எடுத்து, நீளத்தை அலைவு நேர வர்க்கத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். குண்டின் ஆரத்தை மறந்திருந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, ஆனால் சாய்வு மாறாது, ஜி சரியாகவே வரும். பிழையும் தெரிந்துவிடும், விடையும் தப்பிவிடும். வரைபடம் மார்க்குக்காக வரைவது என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை செய்து பார்க்கலாம்.

"9.73 ± 0.03னா உண்மையான மதிப்பு கண்டிப்பா அதுக்குள்ளதான் இருக்குமா?"

இல்லை. ஒரு திட்ட விலக்க அளவுக்கு ± போட்டால், சுமார் 68 சதவீத வாய்ப்புதான். மூன்றில் ஒரு முறை வெளியே இருக்கும். இரண்டு மடங்காக விரித்தால் 95 சதவீதம். துகள் இயற்பியலில் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து மடங்கு கேட்கிறார்கள், 2012 ஜூலையில் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது பேசப்பட்ட 'ஐந்து சிக்மா' அதுதான்.

"± சின்னதா போட்டா நல்ல எக்ஸ்பரிமென்ட்னு மார்க் கூட வருமா?"

சின்னதாக வந்தால் நல்லது, சின்னதாகப் போட்டால் ஆபத்து. மில்லிக்கன் எண்ணெய்த்துளிச் சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு ஏறக்குறைய 0.1 சதவீத நிச்சயமின்மை சொன்னார். அவருடைய மதிப்போ இன்றைய மதிப்பைவிட 0.6 சதவீதம் குறைவு. துளிகளைக் கவனித்ததில் குறை இல்லை, காற்றின் பாகுநிலைக்கு எடுத்துக்கொண்ட எண் கொஞ்சம் குறைவாக இருந்தது. எக்ஸ் கதிர் வழியாக வேறொரு முறையில் கிடைத்த மதிப்பு ஒத்துப்போகாததால்தான் பின்னாளில் அந்த எண்ணைத் திரும்ப அளந்தார்கள். நோபல் பரிசு வாங்கியவருக்கே இப்படி என்றால் நாம் 0.001 என்று போடும்போது கொஞ்சம் கை நடுங்க வேண்டும்.

"இது ஹைசன்பர்க் சொன்ன நிச்சயமின்மைதானே?"

பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். ஹைசன்பர்க் 1927-இல் சொன்னது, எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேர நிர்ணயிப்பதில் இயற்கையே வைத்திருக்கும் எல்லை. 100 கிராம் குண்டின் இடம் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குத் தெரியும் என்றால், அதனால் வேகத்தில் வரும் நிச்சயமின்மை தசமப்புள்ளிக்குப் பின் 27 பூஜ்யம் போட்டு ஒரு 5, மீட்டர்/வினாடியில். உங்கள் கட்டைவிரலுக்கு ஹைசன்பர்க்கைக் குற்றம் சொல்ல முடியாது.

"ஈர்ப்பு மாறிலி 6.67430(15)னு போட்டிருக்கான். அந்த அடைப்புக்குள்ள 15 என்ன?"

கடைசி இரண்டு இலக்கத்தில் ±15. அதாவது 6.67430 ± 0.00015 (பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 11). இடத்தை மிச்சம் பிடிக்கும் எழுத்துமுறை. அடைப்பே இல்லாமல் சில மாறிலிகள் இருக்கும். ஒளியின் வேகம் 299792458 மீ/வி என்பது 1983-இலிருந்து வரையறை, மீட்டரையே அதை வைத்துத்தான் சொல்கிறோம், அதனால் அதற்கு நிச்சயமின்மை இல்லை. 2019-இலிருந்து பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரான் மின்னூட்டமும் அப்படியே.

"எனக்கு 9.73 ± 0.03, பக்கத்து டேபிள்ல 9.81 ± 0.02. யார் சரி?"

முதலில், இரண்டும் முரண்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் 0.08. அந்த வித்தியாசத்தின் நிச்சயமின்மை, முன்பு சொன்ன வர்க்கமூல முறையில், 0.036. ஆக 2.2 மடங்கு. தற்செயலாக வருவதற்கு இருபதில் ஒன்றைவிடக் குறைவான வாய்ப்பு. உறுதியாக முரண் என்று சொல்ல முடியாது, கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

இந்த மாதிரி சமயத்தில் இரண்டு பேரும் நோட்டை மூடிவிட்டு எவ்வளவு கோணத்தில் விட்டீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். நீங்கள் 10 டிகிரியில் விட்டிருந்து அவர் 3 டிகிரியில் விட்டிருந்தால், உங்களுடையது 0.38 சதவீதம் கூடி 9.77 ஆகிவிடும், அவருடையது கிட்டத்தட்ட அசையாது. வித்தியாசம் 0.04, ஒரு மடங்கை ஒட்டி. திருத்திய மதிப்பையும் திருத்தாத மதிப்பையும், கோணத்தையும், மூன்றையும் ரெக்கார்டில் எழுதுங்கள். கோணத்தை யாருமே குறித்து வைக்கவில்லை என்றால் ஊசலை மறுபடி ஆடவிட்டு எடுக்க வேண்டியதுதான், லேப் நாலு மணி வரை திறந்திருக்கும்.